நர்சிங் ஹோமில் மாமியாரின் பணம்: கையெழுத்துக்கு முன்னும் பின்னும்

கேள்வி இதுதான். மாமியார் அமெரிக்காவில் ஒரு நர்சிங் ஹோமில் இருக்கிறார், மெடிக்கெய்ட் (வருமானமும் சொத்தும் குறைந்தவர்களின் செலவை அரசாங்கம் ஏற்கும் திட்டம்) கிடைத்துவிட்டது. அங்கே அலுவலகத்தில் "ரெசிடென்ட் டிரஸ்ட் அக்கவுண்ட்" (வசிப்பவரின் பணத்தை நர்சிங் ஹோமே வைத்துப் பார்த்துக்கொள்ளும் கணக்கு) என்று ஒரு தாளை நீட்டி மருமகளிடம் கையெழுத்து கேட்கிறார்கள். போடலாமா, போட்டால் பணம் பத்திரமாக இருக்குமா, அரசாங்கத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் பார்ப்பார்களா?

நான் பன்னிரண்டு வருடம் ஒரு நர்சிங் ஹோமின் பிசினஸ் ஆபீஸில் இந்தக் கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நீங்கள் மாநிலம் சொல்லவில்லை, அதனால் எல்லா மாநிலத்துக்கும் பொதுவான ஃபெடரல் விதிகளை வைத்தே சொல்கிறேன். மெடிகேர் (முதியவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அல்லது மெடிக்கெய்ட் பணம் வாங்கும் நர்சிங் ஹோம்களுக்குத்தான் இவை பொருந்தும். அசிஸ்டட் லிவிங் (அன்றாட வேலைகளுக்கு உதவி தரும் முதியோர் விடுதி) என்பது வேறு. அதற்கு மாநிலச் சட்டம்தான், இங்கே சொல்வதை அப்படியே அங்கே கொண்டுபோக முடியாது.

முதலில் நேரடிப் பதில். கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் இல்லை. "எல்லோரும் போடுகிறார்கள், இது இல்லாமல் முடியாது" என்று சொன்னால் அது தவறு. வசிப்பவர் தன் பணத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம், மகனிடம் கொடுத்து வைக்கலாம், வங்கியில் வைக்கலாம். நர்சிங் ஹோமில்தான் போட்டு வைக்க வேண்டும் என்று அவர்கள் கேட்கவே கூடாது. ஆனால் அவராகவே எழுத்தில் சம்மதம் கொடுத்துவிட்டால் அதற்கப்புறம் பொறுப்பு முழுக்க அவர்களுடையது. பணத்தைக் காப்பது, நிர்வகிப்பது, காசுக்குக் காசு கணக்குச் சொல்வது எல்லாமே அவர்கள் கடமையாகிவிடும். 1987-ல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டத்திலிருந்தே இது இருக்கிறது.

இன்னொன்று, உங்கள் பெயரில் கையெழுத்துப் போடும்போது "பொறுப்பாளர்" என்ற இடத்தில் வெறுமனே போட்டுவிடாதீர்கள். மாமியார் சார்பில் போடுவதாக எழுதிப் போடுங்கள். குடும்பத்தில் ஒருவர் சொந்தப் பணத்துக்கு ஜாமீன் நின்றால்தான் சேர்ப்போம் என்று நிபந்தனை வைப்பது சட்டப்படி கூடாது. ஆனாலும் தாள்களில் அந்த மாதிரி வரிகள் நுழைந்துவிடும், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டுப் போடுகிறேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

சரி, இது என்ன பணம் என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். மெடிக்கெய்டில் இருப்பவரின் சோஷியல் செக்யூரிட்டி (அரசாங்க ஓய்வூதியம்), பென்ஷன் என்று எது வந்தாலும் அதில் பெரும்பகுதி அவருடைய பங்காக நர்சிங் ஹோமுக்குப் போய்விடும். அவர் கையில் நிற்பது தனிப்பட்ட தேவைக்கான ஒரு சின்னத் தொகை. ஃபெடரல் சட்டப்படி குறைந்தது மாதம் 30 டாலர்; மாநிலங்கள் கூட்டித் தரலாம், கலிஃபோர்னியாவில் 35, நியூயார்க்கில் 50 என்று இடத்துக்கு இடம் மாறும். நம்மவர்களில் பலர் வயதான காலத்தில் பிள்ளைகளோடு வந்தவர்கள், இங்கே வேலை பார்த்திருக்க மாட்டார்கள், எஸ்எஸ்ஐ (வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசாங்கம் தரும் மாத உதவித்தொகை) மட்டும்தான் இருக்கும். அவர்களுக்கு மெடிக்கெய்ட் செலவைப் பார்த்துக்கொள்ளும் காலத்தில் எஸ்எஸ்ஐ-யே மாதம் 30 டாலராகக் குறைந்துவிடும், சில மாநிலங்கள் மேலே கொஞ்சம் போட்டுத் தரும். அவ்வளவுதான். இதில்தான் அவருக்கு ஒரு புடவை, ஒரு ஸ்வெட்டர், பேத்தி பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை, சாயங்காலம் மெஷினில் ஒரு பிஸ்கட் பாக்கெட். தொகை சின்னது என்பதாலேயே யாரும் கவனிப்பதில்லை. கவனிப்பார் இல்லாத இடத்தில்தான் கை நீளும்.

இந்தப் பணத்துக்கு என்னென்ன பாதுகாப்பு? மெடிக்கெய்டில் இருப்பவருக்கு 50 டாலருக்கு மேல், மற்றவர்களுக்கு 100 டாலருக்கு மேல் போனால் அதை வட்டி தரும் வங்கிக் கணக்கில் போட வேண்டும், வட்டி அவருக்கே சேர வேண்டும். எல்லோர் பணத்தையும் ஒரே கணக்கில் சேர்த்துப் போடலாம், ஆனால் ஒவ்வொருவர் பங்கும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்க வேண்டும், நர்சிங் ஹோமின் சொந்தப் பணம் அதில் ஒரு டாலர்கூடக் கலக்கக் கூடாது. சம்பளம் போட இரண்டு நாள் பணம் தட்டுகிறது, இதிலிருந்து எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை போட்டுவிடலாம் என்று ஒரு மேனேஜர் நினைத்தால் அதுவே குற்றம். திருப்பிப் போட்டாலும் குற்றம்தான், ஏனென்றால் விதியில் "தற்காலிகமாக" எடுப்பதும் கையாடல் என்றே எழுதியிருக்கிறது. இதற்கு மேல் ஒரு ஜாமீன் பத்திரமோ அதற்கு ஈடான வேறு உறுதியோ வைத்திருக்க வேண்டும், நாளைக்கு நிறுவனமே மூடிப் போனாலும் வசிப்பவர்களின் பணம் திரும்பி வருவதற்காக. அந்தப் பத்திரத்தின் தொகை மொத்த வைப்பையும் மூடும் அளவுக்கு இருக்கிறதா என்று ஆய்வில் பார்ப்பார்கள்.

இப்போது ஆய்வு. மாநிலத்தின் ஆய்வுக் குழு சொல்லாமல்தான் வரும். ஓர் ஆய்வுக்கும் அடுத்ததற்கும் 15 மாதத்துக்கு மேல் இடைவெளி போகக் கூடாது, மாநில சராசரி 12 மாதத்துக்குள் நிற்க வேண்டும். தேதியை முன்கூட்டியே கசியவிட்டால் அதற்கே அபராதம் உண்டு. நாலைந்து பேர் வந்து சில நாட்கள் இருந்து சமையலறை, மருந்து, படுக்கைப் புண், தொற்று என்று எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது, இந்தப் பதிலை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். சமையலறையைப் பார்ப்பது ஒவ்வொரு ஆய்விலும் கட்டாயம். மருந்து கொடுப்பதைப் பார்ப்பது கட்டாயம். வசிப்பவர்களின் பணக்கணக்கைத் திறந்து பார்ப்பது கட்டாயப் பட்டியலில் இல்லை. 2017 நவம்பரிலிருந்து நடப்பில் உள்ள முறைப்படி, வசிப்பவர்களோடு பேசும்போது யாராவது பணத்தைப் பற்றி ஒரு குறை சொன்னால்தான், அல்லது குழுவின் கண்ணில் ஏதாவது பட்டால்தான், அந்தப் பகுதி தூண்டப்படும். அப்புறம்தான் ஆய்வாளர் எங்கள் ஆபீஸுக்குள் வந்து லெட்ஜரைக் கேட்பார்.

அதாவது, உங்கள் மாமியார் அந்த ஐந்து நிமிடப் பேச்சில் என்ன சொல்கிறார் என்பதில்தான் மொத்தமும் நிற்கிறது. ஆய்வாளர் கேட்கும் கேள்விகள் எளிமையானவை: உங்கள் பணத்தை இங்கே வைத்திருக்கிறீர்களா, கேட்டால் கிடைக்கிறதா, சனி ஞாயிறிலும் கிடைக்கிறதா, கணக்குச் சீட்டு வருகிறதா. நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். "எல்லாம் நல்லா இருக்கும்மா, ஒரு குறையும் இல்லை." ஆங்கிலம் சரளமாக வராதவர் என்றால் தலையை ஆட்டிவிட்டு "ஓகே, ஓகே" என்பார். வந்திருப்பது அரசாங்க ஆள், குறை சொன்னால் நாளைக்குக் குளிப்பாட்ட வருகிற பெண் முகத்தைத் திருப்பிக்கொள்வாளோ என்ற பயம் வேறு. பத்துப் பேரிடம் கேட்டு பத்துப் பேரும் இப்படிச் சொல்லிவிட்டால் லெட்ஜர் அலமாரியிலேயே இருந்துவிடும்.

அதனால் இதை இப்போதே அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். கழுத்தில் அடையாள அட்டை போட்டுக்கொண்டு புதிதாக ஒருவர் வந்து கேள்வி கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லலாம், அவர்கள் இந்த இடத்தின் ஆட்கள் இல்லை, தனியாகத்தான் பேசுவார்கள் என்று சொல்லி வையுங்கள். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம் என்பதையும் சொல்லுங்கள். அவருக்கு நினைவு தடுமாறுகிறது என்றால் ஆய்வுக் குழு குடும்பத்தாரிடமும் பேசும். ஆய்வு நடக்கிறது என்று தெரிந்தால் (வாசலில் அறிவிப்பு ஒட்டியிருப்பார்கள்) நீங்களே போய் "எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது" என்று நிற்கலாம். ஆய்வாளர்கள் அதை வரவேற்பார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை எங்கள் இடத்தில் இப்படித்தான் ஆனது. ஒரு பெரியவர், பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது, இடது கையால் ஒரு கோடு இழுப்பதே கஷ்டம். ஆய்வாளரிடம் அவர் சொன்னது ஒரே வாக்கியம், "என் பணம் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியவில்லை." அந்த ஆய்வாளர் அம்மா நேராக என் மேசைக்கு வந்து அவருடைய ஆறு மாதச் சீட்டுகளைக் கேட்டார். முடி வெட்டியதற்கு, மறுபடி முடி வெட்டியதற்கு, பேட்டரிக்கு என்று வரிசையாகப் பச்சை நிறச் சீட்டுகள். ஒவ்வொன்றின் அடியிலும் வசிப்பவர் கையெழுத்து என்ற கோட்டின் மேல் அவர் பெயர், உருண்டை உருண்டையாக, ஓர் எழுத்துகூட நடுங்காமல். ஆய்வாளர் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். விசாரித்ததில் வரவேற்பு மேசையில் இருந்த பெண் "அவரால் முடியாதே" என்று தானே போட்டுக்கொண்டிருந்திருக்கிறார், பணம் உண்மையிலேயே முடிதிருத்துபவருக்குத்தான் போயிருந்தது, ஒரு டாலர்கூடக் குறையவில்லை. இருந்தாலும் எங்கள் மேல் குறை எழுதினார்கள், எழுதியது சரிதான். ஒருவர் பெயரை இன்னொருவர் எழுதலாம் என்று பழகிவிட்ட இடத்தில் நாளைக்கு முடி வெட்டாமலே சீட்டு வரும். அதற்கப்புறம் கையெழுத்துப் போட முடியாதவர்களுக்கு ஒரு அடையாளக் குறி, பக்கத்தில் இரண்டு சாட்சிகள், அதில் ஒருவர் பணத்தைத் தொடாதவர் என்று மாற்றினோம். மூன்று வருடமாக நானும் அந்தச் சீட்டுகளை வாங்கிக் கோப்பில் குத்தியிருக்கிறேன், என் கண்ணில் படவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

எழுதப்பட்ட குறைகள் 2567 என்ற எண்ணுள்ள படிவத்தில் வரும். எழுதும் ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண் உண்டு: பணத்தைக் காப்பதும் நிர்வகிப்பதும் எஃப் 567, கணக்கு எழுதுவது 568, அறிவிப்பும் திருப்பித் தருவதும் 569, ஜாமீன் பத்திரம் 570, கூடாத கட்டணம் 571, கையாடல் 602. கடைசி மூன்று வருட அறிக்கைகளை யார் கேட்டாலும் படிக்கிற மாதிரி நர்சிங் ஹோம் வைத்திருக்க வேண்டும், மெடிகேரின் கேர் கம்பேர் தளத்திலும் கிடைக்கும். அந்தத் தளம் தரும் நட்சத்திர மதிப்பீட்டை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பணக் குறைகளுக்குப் பெரும்பாலும் டி அல்லது இ என்ற கீழ்த்தட்டு எழுத்துதான் கிடைக்கும் (குறை எவ்வளவு தீவிரம், எவ்வளவு பரவல் என்பதைக் காட்டும் எழுத்து இது, ஏ-யிலிருந்து எல் வரை போகிறது), அது நட்சத்திரத்தைப் பெரிதாக அசைக்காது. அறிக்கையைத் திறந்து இந்த எண்களைத் தேடுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து 567-ஓ 568-ஓ இருந்தால் அங்கே பணம் போடுவதைப் பற்றி இன்னொரு முறை யோசியுங்கள்.

ஆனால் ஆய்வு என்பது வருடத்தில் சில நாள். மீதி நாளுக்கு உங்கள் கையில் இருப்பது காலாண்டு ஸ்டேட்மெண்ட். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்டிப்பாகத் தர வேண்டும், நடுவில் கேட்டாலும் தர வேண்டும். அது மாமியார் அறைக்குப் போய்த் தலையணைக்கடியில் கிடந்தால் பிரயோஜனம் இல்லை, உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லி இப்போதே எழுதிக் கொடுங்கள். வந்ததும் நான் எப்படிப் பார்ப்பேன் என்றால், முதலில் மாதா மாதம் அவருடைய 30 அல்லது 50 டாலர் வரவு வந்திருக்கிறதா என்று பார்ப்பேன், ஒரு மாதம் விட்டுப் போவது சாதாரணமாக நடக்கும். அப்புறம் வட்டி, சில்லறைதான் இருக்கும், ஆனால் அந்த வரியே இல்லையென்றால் பணம் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டும். அப்புறம் செலவு: ஒரே தேதியில் ஒரே தொகை பலமுறை, அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் எடுத்த பணம், "பொருட்கள்" என்று மொட்டையாக எழுதிய 40 டாலர். ஒவ்வொன்றுக்கும் ரசீது கேட்கலாம். படுக்கையை விட்டு எழ முடியாதவர் பெயரில் செருப்பு வாங்கியிருந்தால் அந்தச் செருப்பை அறையில் போய்த் தேடிப் பாருங்கள்.

எதற்கு இந்தப் பணத்தில் கை வைக்கவே கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மெடிகேரோ மெடிக்கெய்டோ அவருக்காகப் பணம் கட்டும்போது சோப்பு, ஷாம்பு, சீப்பு, டூத் பேஸ்ட், பிரஷ், ரேசர், டிஷ்யூ, டியோடரண்ட், டயப்பர், துண்டு, சாதாரணமாகத் துணி துவைப்பது, குளிப்பாட்டுவது, நகம் வெட்டுவது எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிட்டது. ஸ்டேட்மெண்ட்டில் டயப்பர் என்று ஒரு வரி இருந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம். சொந்த உடை, போன், பத்திரிகை, பூ, அழகுசாதனம் போன்றவற்றுக்கு எடுக்கலாம், அவர் கேட்டிருந்தால்.

கேட்கும்போது கிடைக்கிறதா என்பதும் முக்கியம். ஆய்வாளர்களுக்கான வழிகாட்டுதல்படி மெடிக்கெய்டில் இருப்பவர் 50 டாலருக்குக் கீழ் கேட்டால் அன்றைக்கே தர வேண்டும், அதற்கு மேல் என்றால் மூன்று வங்கி நாட்களுக்குள். "ஆபீஸ் வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மூடிவிடும், திங்கட்கிழமை வாங்க" என்பது பல இடங்களில் குறையாக எழுதப்படுகிற பதில். சனிக்கிழமை மதியம் ஐந்து டாலர் கேட்டு வரவேற்பு மேசை முன்னால் சக்கர நாற்காலியில் காத்திருந்தவர்களைப் பார்த்தவன் நான். தன் ஐந்து டாலருக்காக இன்னொருவர் சாவியை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது எண்பது வயதில் எவ்வளவு கூசும். நீங்கள் அடுத்த சனிக்கிழமை போகும்போது மாமியாரையே இருபது டாலர் கேட்கச் சொல்லிப் பாருங்கள். அந்த இடத்தைப் பற்றி அதிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, பணம் சேர்ந்துவிடுவது. எஸ்எஸ்ஐ-க்கு ஒருவருடைய சொத்து வரம்பு 2,000 டாலர், பல மாநிலங்களில் மெடிக்கெய்டுக்கும் அதுதான், சில மாநிலங்களில் அதிகம். கணக்கில் 1,800 தொட்டதும் நர்சிங் ஹோம் எழுதித் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் 2,000 தாண்டினால் மெடிக்கெய்டே நின்று போகலாம். மாமியார் எதையும் வாங்காமல் சேர்த்து வைக்கிறவர் என்றால் இதைக் கண்ணில் வைத்திருங்கள். கண்ணாடி, காது மெஷின், நல்ல நாற்காலி, ஈமச் சடங்குக்கு முன்பணம் என்று அவருக்காகவே செலவழிக்கலாம். பேரனுக்குக் கொடுக்கிறேன், கோவிலுக்கு அனுப்புகிறேன் என்று அவர் ஆசைப்படுவார். அன்பளிப்பு மெடிக்கெய்ட் விதிகளில் வேறு சிக்கலைக் கொண்டுவரும் என்பதால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 2020-ல் கொரோனா நிவாரணமாக 1,200 டாலர் வந்தபோது சில இடங்களில் "மெடிக்கெய்டில் இருக்கிறீர்கள், இது எங்களுக்குச் சேர வேண்டியது" என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அது அவர்களுக்குச் சேர வேண்டியதே இல்லை, 12 மாதம் வரை சொத்துக் கணக்கிலும் வராது என்று மத்திய வர்த்தக ஆணையம் அந்த மே மாதமே எச்சரித்தது. அதிகாரமான குரலில் சொல்வதெல்லாம் விதி ஆகிவிடாது.

சோஷியல் செக்யூரிட்டி பணம் நேரே நர்சிங் ஹோமுக்கே வரும்படி அவர்கள் "ரெப்ரசென்டேட்டிவ் பேயீ" (அவர் சார்பில் பணத்தை வாங்கி அவருக்காகச் செலவழிக்கும் பொறுப்பாளர்) ஆக விண்ணப்பிக்கலாம். குடும்பத்தில் ஒருவர் அந்தப் பொறுப்பை எடுக்க முடியுமானால் நீங்களே எடுங்கள் என்பேன். பவர் ஆஃப் அட்டர்னி கையில் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், சோஷியல் செக்யூரிட்டி அலுவலகம் அதை ஏற்காது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

அவர் அங்கிருந்து கிளம்பினாலும் காலமானாலும் மீதிப் பணத்தையும் இறுதிக் கணக்கையும் 30 நாளுக்குள் தர வேண்டும். இறந்துவிட்டால் அது சொத்தை நிர்வகிப்பவருக்கோ நீதிமன்றத்துக்கோ போகும்.

பணம் உண்மையிலேயே காணவில்லை என்றால்? முதலில் நிர்வாகிக்கு எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு, ஒரு பிரதி உங்களிடம். கையாடல் என்று புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்கள் மாநிலத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஐந்து வேலை நாளில் விசாரணை முடிவைச் சொல்ல வேண்டும். "நாங்களே உள்ளே பார்த்துக்கொள்கிறோம்" என்றால் காத்திருக்க வேண்டாம். மாநில ஆய்வு அலுவலகத்துக்கு எந்த நாளும் புகார் கொடுக்கலாம், தேவையென்றால் அதற்காகவே தனி ஆய்வு வரும், உங்கள் பெயரை வெளியிட மாட்டார்கள். நீண்டகாலப் பராமரிப்புக்கான ஆம்பட்ஸ்மேன் எல்லா மாநிலத்திலும் உண்டு, காசு கிடையாது, வசிப்பவர் பக்கம் நின்று பேசுவதே அவர் வேலை. உங்கள் பகுதிக்கு யார் என்று தெரியவில்லை என்றால் எல்டர்கேர் லொகேட்டர் எண் 1-800-677-1116-ல் சொல்வார்கள். தொகை பெரிது, பலருக்கு நடந்திருக்கிறது என்றால் மாநிலத்தின் மெடிக்கெய்ட் மோசடித் தடுப்புப் பிரிவும் இருக்கிறது. பழிவாங்குவார்களோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். பழிவாங்குவதும் தனிக் குற்றமாக எழுதப்படும் என்பதை ஆம்பட்ஸ்மேன் முன்னிலையில் அவர்களிடம் சொல்லிவிட்டால் பெரும்பாலும் யாரும் துணிவதில்லை.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. மாமியார் கையில் வளையலோ கழுத்தில் சங்கிலியோ இருந்தால் அதுவும் இதே பாதுகாப்புக்குள் வருகிறது. சேர்ந்த அன்று எழுதிய பொருட்கள் பட்டியலை வாங்கிப் பாருங்கள், "மஞ்சள் நிற வளையல் 2" என்று எழுதியிருப்பார்கள். மஞ்சள் நிறம் என்றால் பித்தளையும் மஞ்சள்தான். தங்கம், எத்தனை கிராம் என்று சேர்த்து எழுதச் சொல்லி, கையோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக் கோப்பில் வைக்கச் சொல்லுங்கள். டிரஸ்ட் அக்கவுண்ட் தாளில் கையெழுத்துப் போடுவதானால் அதே நாளில் இதையும் முடித்துவிடுங்கள்.